தீயும் காடும்

நுழையும்முன்

காட்டுத்தீ என்றதும் அழிவே நம் நினைவுக்கு வரும். ஆயினும், தீக்காகவே விதைகளைக் காத்துவைத்திருக்கும் தாவரங்களும் உலகில் உள்ளன. தீயின் இயல்பை அறிவது காட்டைக் காப்பதன் முதற்படியாகும்.

தீயை எதிர்நோக்கும் புதர்க்காடு

குளிர்காலத்தில் மழையும் கோடையில் வறட்சியும் நிலவுவது மத்தியதரைக் காலநிலை. உலக நிலப்பரப்பில் 5 விழுக்காட்டிற்கும் குறைவான இப்பகுதிகளில், தாவர இனங்களுள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வாழ்கிறது. தென்னாப்பிரிக்காவின் 'ஃபைன்போஸ்' புதர்க்காடு அவற்றுள் ஒன்று. அங்குள்ள புரோட்டியாச் செடிகள் பல, விதைகளை இறுக மூடிய தலைகளுக்குள் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும். தீ செடியைக் கொல்லும். தலைகள் விரிந்து விதைகள் சாம்பல் நிலத்தில் விழும். வேறு சில விதைகள் புகையின் வேதிப்பொருள் பட்ட பின்னரே முளைக்கும். எனினும், இளஞ்செடிகள் விதை தருமுன் மீண்டும் தீப்பட்டால் அவ்வினமே அவ்விடத்தை விட்டு மறையும். ஆகவே, தீயின் பயனை உறுதிசெய்வது இரு தீக்களுக்கு இடைப்பட்ட காலமே.

நம் அருகிலுள்ள காடு

கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையில், தொழிற்சாலைகள் பெருகிவரும் ஊர் குருபரப்பள்ளி. அதற்குத் தென்மேற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பகுதிகளில் மேலகிரி மலைக்காடுகள் உள்ளன. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் இப்பகுதியைச் சார்ந்தது. வெக்காலி, ஆச்சா, மூங்கில் முதலியன இங்கு வளர்கின்றன. மழைக்காலம் முடிந்தபின் இவை இலையுதிர்க்க, பிப்ரவரி முதல் சருகு காய்ந்து கிடக்கும். அப்போது அணைக்காத பீடித்துண்டு ஒன்றே காட்டை எரிக்கப் போதும். ஆண்டுதோறும் தீ பரவினால் நாற்றுகள் மரமாகும் வாய்ப்பை இழக்கும். முதிய மரங்கள் மட்டுமே எஞ்சும்.

சோளகர் அறிவு

காவிரிக்கு அப்பால், கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர், கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் சிறுதீ இடும் வழக்கமுடையவர். அது தரையோடு தவழ்ந்து அணைந்துவிடும். 1974இல் அம்மலை சரணாலயமானபின் அவ்வழக்கம் தடைப்பட்டது. அதன் விளைவாகவே அயல்நாட்டு உண்ணிச்செடி பெருகியது என்றும், நெல்லி மரங்களைப் புல்லுருவி பற்றியது என்றும் சோளகர் கூறுகின்றனர். அடர்ந்து படர்ந்த உண்ணிச்செடி தீயை மரக்கிளைகள் வரை ஏற்றிவிடுகிறது. தவழும் தீ தாவும் தீயாகிறது.

எனவே, தீயை முற்றிலும் விலக்குவதும் கண்டபடி மூட்டுவதும் காட்டுக்கு நலம் பயவா. எந்தக் காட்டில், எப்பருவத்தில், எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பதை அறிவியலும் பழங்குடியினர் பட்டறிவும் இணைந்தே வகுத்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ, மலையேற்றம் சென்றோருள் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. வறண்ட பருவத்தில் காட்டுக்குள் தீ மூட்டுதல் குற்றமாகும்.

கற்பவை கற்றபின்

1. தவழும் தீக்கும் தாவும் தீக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
2. உங்கள் பகுதியில் உண்ணிச்செடி பரவியுள்ள இடங்களைப் பெரியோரிடம் கேட்டறிந்து குறிப்பு வரைக.