நம்பிக்கைகளும் உண்மைகளும்: 58 சதவீதமும் வெளிநாட்டு எல்எல்.எம்.மும்

சட்டப் படிப்பை 58 சதவீதம் போன்ற சுமாரான மதிப்பெண்ணோடு முடித்தவர்களிடையே இரண்டு நம்பிக்கைகள் புழங்குகின்றன. இந்த மதிப்பெண்ணுக்கு வெளிநாட்டில் எல்எல்.எம். கிடைக்கவே கிடைக்காது என்பது ஒன்று. நல்ல நோக்க அறிக்கை (எஸ்.ஓ.பி.) எழுதிவிட்டால் மதிப்பெண் ஒரு பொருட்டே இல்லை என்பது மற்றது. இந்த இரண்டாவதைப் பரப்புவதில் கன்சல்டன்சிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் அட்மிஷனையே கடைசித் தடையாக நினைக்கின்றன. பிழை அங்கேதான். சுமாரான மதிப்பெண் பெரும்பாலும் அட்மிஷனைத் தடுப்பதில்லை. படிப்புக்குப் பணம் கட்டப்போவது யார் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே 70 வாங்கினாலே முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை மேல் இரண்டாம் வகுப்பு. பெரும்பாலான எல்எல்.எம். படிப்புகள் கேட்பது இந்த இரண்டாவதைத்தான். அதற்கு ஈடான இந்திய மதிப்பெண் எது என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானாகவே வரையறுத்து நாடுவாரியாக வெளியிடுகிறது. சில இடங்களில் நீங்கள் எங்கே படித்தீர்கள் என்பதைப் பொறுத்தும் அந்தக் கோடு ஏறும், இறங்கும். ஆகவே ஓரிடத்தில் போதாத 58, இன்னோரிடத்தில் போதும். கேம்பிரிட்ஜின் எல்எல்.எம்.முக்கும் ஆக்ஸ்போர்டில் அதற்கு இணையான பி.சி.எல்.லுக்கும் பொதுவாக முதல் வகுப்புத் தரம் வேண்டும், அங்கே எஸ்.ஓ.பி. கைகொடுக்காது, விண்ணப்பிக்காதிருந்தால் விண்ணப்பக் கட்டணமாவது மிஞ்சும். அமெரிக்காவில் எல்எல்.எம்.முக்கு எல்சாட் தேவையில்லை, அது அங்கே அடிப்படைச் சட்டப் பட்டமான ஜே.டி.க்கான தேர்வு. பல சட்டப் பள்ளிகள் குறைந்தபட்ச மதிப்பெண் என்று எதையும் அறிவிப்பதுமில்லை. வரிச் சட்டத்தில் மூன்றாண்டு வேலை, அதே துறையில் அச்சான ஒரு கட்டுரை, அந்த வேலையை அருகிலிருந்து பார்த்த சீனியரின் கடிதம் எல்லாம் ஒரே திசையைக் காட்டினால், மற்ற தாள்களில் வாங்கிய குறைந்த மதிப்பெண் பின்னுக்குப் போகும். முழுக் கட்டணம் கட்டும் வெளிநாட்டு மாணவர்கள் பல பள்ளிகளுக்கு நல்ல வருமானம் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அட்மிஷன் கடிதம் வந்துவிட்டதாலேயே நம் தகுதியை அவர்கள் வியந்துவிட்டார்கள் என்று ஆகாது.

மதிப்பெண் உண்மையில் இடிக்கும் இடம் உதவித்தொகை. சமூக, வருமான வரம்புகளுக்கு உட்பட்ட பட்டியல் சாதி மாணவர்கள் உள்ளிட்டோருக்கு மத்திய அரசு தரும் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்கு 60 சதவீதம் கட்டாயம். காமன்வெல்த் உதவித்தொகை மேல் இரண்டாம் வகுப்புத் தரம் கேட்கிறது. 58 சதவீதத்துக்கு இடம் கொடுக்கும் பல்கலைக்கழகம் இருக்கலாம்; ஆனால் குறைகிற அந்த இரண்டு சதவீதத்தின் விலை, லண்டனின் பெயர்பெற்ற கல்லூரிகளில் 30,000 பவுண்டுக்கு மேல். அமெரிக்காவின் முன்னணிப் பள்ளிகளில் கட்டணம் மட்டுமே 70,000 டாலரைத் தாண்டும். இங்கே வங்கிக் கல்விக் கடன் 7.5 லட்ச ரூபாயைத் தாண்டினால் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பார்கள். ஊரில் இருக்கும் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போவது இப்படித்தான்.

படித்து முடித்ததும் அங்கேயே வக்கீலாகி ஒரே வருடத்தில் கடனை அடைத்துவிடலாமே என்பார்கள். எல்எல்.எம். பட்டம் ஒருவரை வக்கீலாக்குவதில்லை. இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆவதற்கு 2021 முதல் எஸ்.க்யூ.இ. தேர்வு இருக்கிறது, அதற்கு எல்எல்.எம். நிபந்தனையே இல்லை. நியூயார்க்கில் வெளிநாட்டுச் சட்டப் பட்டதாரிகள் சிலருக்குப் பார் தேர்வு எழுதும் தகுதியை எல்எல்.எம். பெற்றுத் தரும். தேர்வில் தேறுவது, வேலை கிடைப்பது, விசா கிடைப்பது ஆகியவை அதற்குப் பிறகு வரும் தனித்தனித் தடைகள். ஊருக்குத் திரும்பிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதாடவும் எல்எல்.எம். வேண்டாம்; எல்எல்.பி., பார் கவுன்சில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு போதும். சட்டக் கல்லூரியில் கற்பிக்க விரும்புவோர், ஓராண்டுப் பட்டம் இங்கே ஏற்கப்படுமா என்று முன்பே விசாரிப்பது நல்லது: இந்திய பார் கவுன்சிலின் 2020ஆம் ஆண்டு விதிகள் ஓராண்டு எல்எல்.எம்.மையே ஒழிக்கப் பார்த்தன, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போ என்றால், வயது வீணாகிறதே என்ற பதில் வரும். முதுநிலைச் சட்டப் படிப்பைப் பொறுத்தவரை அந்தக் கவலைக்கு ஆதாரம் குறைவு. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை இரண்டாண்டு வேலை அனுபவம், அதாவது 2,800 மணி நேரம், இல்லாதவரைப் பரிசீலிப்பதே இல்லை. அதன் தேர்வில் முன்னால் நிற்பவை தலைமைப் பண்பும், திரும்பி வந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்ற திட்டமும். பட்டச் சான்றிதழில் ஏறிவிட்ட 58ஐ இனி யாராலும் மாற்ற முடியாது. தலைமைப் பண்பையும் திட்டத்தையும் வேலை பார்த்துக்கொண்டே சேர்க்கலாம், கடன் வாங்காமல்.