மெல்லொலி கேட்கும் முறை

தொலைவிலிருந்து ஒருவன் அழைக்கின்றான்; குரலோ மெலிது. அதனைக் கேட்க விரும்புவோன் என் செய்வான்? காதின் பின்னே கையைக் குவித்துக் குரல் வரும் திசை நோக்கித் திரும்புவான். அதனால் அக்குரல் சிறிது வலுப்பெறுவதோடு, பின்புறத்து ஓசையும் தடைப்படுகின்றது. இவ்விரு நன்மைகளுள் பின்னதே பெரிது என்பதை வானொலி நமக்குக் கற்பிக்கின்றது. தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி ஏன் எனச் சிலர் வினவலாம். திருவள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தாரன்றோ? கேட்குங் கலை எல்லார்க்கும் பொது.

1921-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க அமெச்சூர் வானொலியாளர் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் தம் அழைப்பை அனுப்ப முயன்றனர். அழைத்தவர் பலர், பிரிட்டனில் தெளிவுறக் கேட்டவர் ஒருவருமிலர். அவ்வாண்டு டிசம்பரில் பால் காட்லி என்னும் அமெரிக்கர் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஆர்ட்ராசனுக்குச் சென்று, கூடாரத்தில் அமர்ந்து செவி கொடுத்தார். சிறந்த ரிசீவரோடு, ஹெரால்ட் பெவரேஜ் கண்ட புது ஏரியலும் அவரிடம் இருந்தது. அஃது ஏறத்தாழ 1,300 அடி நீளமுள்ள ஒரு கம்பி. வானளாவ உயராமல், தரைக்கு அருகே தாழ்ந்து கிடந்தது. அதன் வழியே அமெரிக்க நிலையங்கள் பலவற்றின் ஒலி அவர் செவிக்கு எட்டியது.

தாழ்ந்த கம்பி வென்றது எங்ஙனம்? 160 மீட்டர், 80 மீட்டர் போன்ற நீண்ட அலைகளில், ரிசீவருக்குள் பிறக்கும் இரைச்சலினும் வெளியிலிருந்து வரும் இரைச்சலே பெரிது. தொலைவில் மின்னும் இடியும், அயல் வீட்டு மின்கருவிகளும் அதற்குக் காரணம். பெரிய ஏரியலில் குரல் 100 பங்கும் இரைச்சல் 200 பங்கும் வருவதாகக் கொள்க. வேறொன்றில் குரல் 10 பங்கே வரினும், இரைச்சல் 5 பங்காயின், இரண்டாவதே நமக்கு உதவும். குறைந்த குரலைப் பெருக்கியால் வளர்க்கலாம். கலந்துவிட்ட இரைச்சலை அதனாற் பிரித்தல் இயலாது.

நிற்க. நீண்ட கம்பிக்கு இடமில்லாதவர் யாது செய்வர்? சில மீட்டர் உயரமுள்ள இரண்டு சிறு ஏரியல்களை நட்டு, அவற்றின் ஒலிகளைக் காலம் அறிந்து கூட்டுவர். 80 மீட்டர் அலைக்கு, மேற்கில் ஒன்றும் கிழக்கில் ஒன்றுமாக 20 மீட்டர் இடைவெளியில் அவை நிற்பதாகக் கொள்வோம். இடைவெளி அலைநீளத்தில் காற்பங்கு. மேற்கிலிருந்து வரும் அலை மேலை ஏரியலை முதலில் தொட்டு, காற்சுற்றுக்குப் பின்னரே கீழையதைத் தொடும். ஆகவே, முந்தியதன் ஒலியைக் காற்சுற்றுத் தாமதிக்கச் செய்தால், இரண்டும் ஒருங்கே வந்து கூடும். கிழக்கிலிருந்து வரும் அலையோ மேலை ஏரியலைக் காற்சுற்றுப் பிந்தியே அடையும். அங்கு மீண்டும் காற்சுற்றுத் தாமதிக்கவே, ஆக அரைச்சுற்றுப் பிந்தும். ஒன்றன் முகடும் மற்றதன் பள்ளமும் சந்தித்து, இரண்டும் அழியும்.

இத்தாமதத்தைத் தருவது ஒரு கேபிளே. சாதாரணக் கோஆக்ஸியல் கேபிளில் அலை வெளியிற் செல்லும் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே செல்லுமாதலின், 20 மீட்டருக்கு ஈடாக 13 மீட்டர் அளவு போதும். அக்கேபிளை மற்றை ஏரியலுக்கு மாற்றினால், செவிகொடுக்குந் திசையும் மாறும்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. இரண்டு ஏரியல்களும் எல்லாவகையிலும் ஒத்திருத்தல் வேண்டும். ஒன்று பத்தில் ஒரு பங்கு தளர்ந்தாலும், அழியவேண்டிய இரைச்சலில் பத்தில் ஒரு பங்கு எஞ்சும். குரலும் இரைச்சலும் ஒரே திசையில் வரின், இம்முறை பயன்படாது. ஆதலின், இரைச்சல் எங்கிருந்து வருகின்றதென முதற்கண் ஆராய்தல் நன்று.

ஆற்றல் குறைந்த கருவியோடு தொலைதேசத்தில் ஒருவன் இரவெல்லாம் அழைத்திருத்தல் கூடும். அவன் குரலை வலியதாக்க நம்மால் இயலாது. நம் செவியைத் திருத்தலே நம் கையிலுள்ளது. அதனைச் செய்யோமாயின், அவன் அழைத்தும் அழையாதவனே ஆவான்.