அயல்நாட்டினின்று பள்ளிப் பிள்ளையுடன் சென்னைக்குக் குடிபெயர்தல்

நம் கல்லூரியிற் பயின்று வெளியேறிய பழைய மாணாக்கருட் பலர் கடல் கடந்த நாடுகளிற் றொழில் புரிந்து வாழ்கின்றனர். அவருட் சிலர், தம் பெற்றோர் முதுமை யெய்தினமையானும், தம் மக்கள் தாய்மொழியை அறியாது வளர்வரோ என்னும் அச்சத்தானும், தாய்நாட்டிற்கு மீள விரும்புகின்றனர். அங்ஙனம் விரும்புவார் முன் வந்து நிற்கும் வினாக்களுள் தலையாயது, 'பிள்ளையின் படிப்பு யாதாகும்?' என்பதே. வீடும் தொழிலும் பொருளால் அமைத்துக் கொள்ளத் தக்கன. பிள்ளையின் பள்ளிப் பருவமோ ஒருமுறை கழிந்தால் மீண்டும் வாராது. ஆதலின் இப்பொருளைச் சென்னை நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. முன்னோர் கண்ட வழி

இவ்வினா புதியதன்று. நம் நாட்டிற்குத் தொண்டு செய்ய வந்த மேனாட்டு மிஷனெரிமாரும் இதனையே எதிர்கொண்டனர். அவருட் பலர் தம் மக்களை இளமையிலேயே கப்பலேற்றித் தாயகம் அனுப்பிவிட்டு, ஆண்டுக்கணக்கிற் பிரிந்து வாழ்ந்தனர். அப்பிரிவின் துன்பத்தைப் போக்குதற்கு எழுந்தனவே மலைநகரப் பள்ளிகள். மசூரியிலுள்ள உட்ஸ்டாக் பள்ளி 1854-இலும், கோடைக்கானலில் அமெரிக்க மிஷனெரிமாரின் மக்களுக்கென்று ஹைகிளார்க் என்னும் பெயரால் தொடங்கிய பள்ளி 1901-இலும் நிறுவப்பெற்றன.

1950-க்குப் பின்னர், ரூத் ஹில் யூசீம் என்னும் அமெரிக்கச் சமூகவியலறிஞர் தம் கணவர் ஜான் யூசீமுடன் இந்தியாவிற்கு வந்து, ஈண்டு வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தார். பெற்றோரின் நாட்டுப் பண்பாடு ஒன்று. தாம் வாழும் நாட்டின் பண்பாடு மற்றொன்று. இரண்டிற்கும் இடையே வளரும் பிள்ளைகள் தமக்கெனக் கைக்கொள்ளும் வாழ்க்கை முறை மூன்றாவதொன்று என்பது அவர் கண்ட உண்மை. இன்று உலகெங்கும் வழங்கும் 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்னும் தொடர் அவர் ஆக்கியதே. அக்கருத்து நம் நாட்டு மண்ணிலே முளைத்ததென்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. அன்று மேனாட்டுப் பிள்ளைகளைப் பற்றி அவர் கூறியது, இன்று அயல்நாட்டிற் பிறந்து ஈண்டு வரும் நம்மவர் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

2. எவ்வயதில் வருவது நன்று?

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது பழமொழி. எட்டு அல்லது ஒன்பது வயதிற்குள் வரும் பிள்ளை விளையாட்டினூடே மொழியையும் வழக்கத்தையும் பற்றிக்கொள்ளும். பத்து முதல் பதின்மூன்று வயதிற்குள் வருவது சற்றே கடினமாயினும் இயலாததன்று. அதற்கு மேற்பட்ட வயதில் இரு தடைகள் உள. ஒன்று, நண்பரைப் பிரியும் துயர் அவ்வயதில் மிகுதி. மற்றொன்று, தேர்வு முறை. சி.பி.எஸ்.இ. கல்வி வாரியத்தில் 9, 10 ஆகிய இரு வகுப்புகளும் ஒரு தொடர்பாடமாகவும், 11, 12 ஆகிய இரண்டும் மற்றொரு தொடர்பாடமாகவும் அமைந்துள்ளன. 10-ஆம் வகுப்பிலோ 12-ஆம் வகுப்பிலோ நேரே சென்று சேர்தல் எளிதன்று. ஆகலின் 9-ஆம் வகுப்பு தொடங்குமுன் வருதல், அன்றேல் 10-ஆம் வகுப்பை ஆங்கே முடித்து 11-ஆம் வகுப்பிற்கு வருதல் என்னும் இவ்விரண்டுமே தக்க காலங்களாம்.

3. பள்ளி வகையும் காலமும்

சென்னையில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள், சி.பி.எஸ்.இ. பள்ளிகள், ஐ.சி.எஸ்.இ. பள்ளிகள், கேம்பிரிட்ஜ் அல்லது ஐ.பி. முறையைப் பின்பற்றும் பன்னாட்டுப் பள்ளிகள் என நால்வகை உள. சில ஆண்டுகளில் மீண்டும் அயல்நாடு செல்லும் எண்ணமுடையார் நான்காம் வகையை நாடுதல் இயல்பு. ஆயின் அதன் கட்டணம் மிகப் பெரிது. இங்கேயே நிலைத்து வாழக் கருதுவார்க்கு முதல் மூவகையுள் ஒன்றே பொருந்தும். என்னையெனின், பிள்ளை தெருவிலும் கோயிலிலும் காணும் பிள்ளைகளோடு ஒத்த கல்வியைப் பெறுதல் அதற்கு வேரூன்ற உதவும்.

காலத்தையும் கருதுக. மாநிலப் பள்ளிகள் பெரும்பாலும் ஜூன் மாதத்திலும், சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பல ஏப்ரல் மாதத்திலும், பன்னாட்டுப் பள்ளிகள் ஆகஸ்டு மாதத்திலும் ஆண்டைத் தொடங்குகின்றன. மேனாட்டுப் பள்ளிகள் பலவற்றில் ஆண்டு ஜூன் மாதத்தில் முடிவதால், ஏப்ரலில் தொடங்கிய வகுப்பிற் பிள்ளை இரண்டு மூன்று மாதம் பிந்திச் சேர நேரிடும். அவ்விடைவெளியை நிரப்ப முன்னரே பாடநூல்களை வருவித்துப் பயிற்றுதல் நலம். அன்றியும், சித்திரை வைகாசி வெயிலிற் புதிதாய் வந்திறங்கும் பிள்ளை உடல் வாடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் வீடமைத்துக் குடியேறுதலும் விரும்பத்தக்கது. வீடு தேடுவார் 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் எப்பகுதிகளில் நீர் புகுந்தது என்று அக்கம்பக்கத்தாரைக் கேட்டறிக. பள்ளிக்கு அண்மையில் வீடு கொள்ளுதல் பிள்ளையின் உறக்கத்தை இரண்டு மணி நேரம் மிச்சப்படுத்துதலும் உண்டு.

4. மொழி

தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. பிற மாநிலங்களும் இவ்வாறே செய்துள்ளன: கருநாடகம் 2015-லும், தெலங்கானா 2018-லும், மகாராட்டிரம் 2020-லும் தத்தம் மொழிக்குச் சட்டம் இயற்றின. ஆகவே பெங்களூருக்கோ ஐதராபாத்திற்கோ செல்லும் தமிழ்ப் பிள்ளைக்கும் இவ்வினா உண்டு. சேரவிருக்கும் பள்ளியில், எவ்வகுப்பில், எந்நிலையில் அம்மொழியைப் பயில வேண்டும், அயல்நாட்டினின்று வந்தார்க்கு ஏதேனும் தளர்வு உண்டா என்பவற்றை எழுத்து மூலம் முன்னரே அறிந்து கொள்க.

'எம் பிள்ளை வீட்டில் தமிழே பேசுகின்றான். ஆதலின் இடர் இல்லை' என்பர் பெற்றோர். இஃது அரைகுறை உண்மை. நம் மொழியிற் பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறுவேறாய் நிற்றலின், 'வந்துட்டேன்' என்று பேசும் பிள்ளை 'வந்துவிட்டேன்' என்று படிக்கும்போது அதனைப் பிறமொழி போலவே காணும். கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ், அன்றாட உரையாடலுக்கு வேண்டும் மொழியைப் பிள்ளைகள் ஏறத்தாழ இரண்டாண்டிற் பெறுகின்றனரெனினும், பாடங்கற்றற்கு வேண்டும் மொழியைப் பெற ஐந்து முதல் ஏழாண்டு வரை செல்லுமென்று எடுத்துக்காட்டினார். ஆகவே நன்றாய்ப் பேசும் பிள்ளை தேர்விற் பின்னடைந்தால் அதனைச் சோம்பேறி யென்று கடிதல் பெரும் பிழை.

5. சட்டமும் ஆவணங்களும்

2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைக் குறித்தது. முன்பு பள்ளியிற் சேராத பிள்ளையை வயதிற்கேற்ற வகுப்பிற் சேர்த்து அதற்கெனத் தனிப்பயிற்சி அளித்தல், சேர்க்கைக்கு நன்கொடை வாங்காமை, நுழைவுத் தேர்வு வையாமை, அடித்தலும் மனத்தைப் புண்படுத்தலும் செய்யாமை என்பன அதன் நெறிகள். எனினும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகட்கு அச்சட்டம் பொருந்தாதென்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. திருச்சபைப் பள்ளிகளிற் பிள்ளையைச் சேர்க்க எண்ணுவார் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும்.

நம் நாட்டிற் பள்ளி மாறும்போது மாற்றுச் சான்றிதழ் கேட்பது வழக்கம். மேனாட்டுப் பள்ளிகள் பலவற்றில் அப்படி யொரு பத்திரமே இல்லை. எனவே புறப்படுமுன் பள்ளித் தலைவரிடம், பிள்ளை இன்ன வகுப்பை இன்ன நாளில் முடித்தது என்னும் கடிதத்தைக் கையொப்பமும் முத்திரையும் இட்டுப் பெறுக. கடந்த இரண்டு மூன்று ஆண்டின் மதிப்பெண் பட்டிகளும், தடுப்பூசிக் குறிப்பும், பிறப்புச் சான்றும் உடன் வேண்டும். பிறப்புச் சான்றிற்கு அப்போஸ்டில் முத்திரை பெற்றுக்கொள்ளுதல் நன்று. அம்முறையை வகுத்த 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் உறுப்பு நாடாகும்.

பிள்ளை அயல்நாட்டுக் குடியாயின் வேறு சிலவும் உள. ஓ.சி.ஐ. அட்டை யுடையார்க்கு நீண்ட நாள் தங்க விசா வேண்டுவதில்லை. அஃதில்லாதார் 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வரின், பொதுவாக வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டார் பதிவு அலுவலகத்திற் பதிவு செய்தல் வேண்டும். பெற்றோர் பலர் அறியாத செய்தி ஒன்று: 4-3-2021 அன்று வெளியான அரசு அறிவிக்கையின்படி, ஓ.சி.ஐ. அட்டை பெற்ற மாணாக்கர் மருத்துவம் முதலிய படிப்புகளில் இந்தியக் குடிமக்கட்கே உரிய இடங்களிற் சேர இயலாது. வெளிநாட்டு வாழ் இந்தியர்க்குரிய இடங்களையே நாடல் வேண்டும். அந்நாளுக்கு முன் அட்டை பெற்றார்க்கு அவ்வறிவிக்கை பொருந்தாதென்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது பார்க்க வேண்டியதைப் பன்னிரண்டாம் வகுப்பிற் பார்த்து வருந்துதல் கூடாது.

6. பிள்ளையின் உள்ளம்

மேற்கூறியன யாவும் முயற்சியால் முடிவன. இறுதியாகக் கூறப்போவது அத்தகையதன்று.

என்னுடன் பயின்ற நண்பர் ஒருவர் பதினான்கு ஆண்டு அயல்நாட்டில் வாழ்ந்து, பதினோரு வயது மகனுடன் சென்னைக்கு மீண்டார். சிறுவன் முதல் நாள் பள்ளியில், தான் வளர்ந்த நாட்டு வழக்கப்படி ஆசிரியையைப் பெயர் சொல்லி விளித்தான். வகுப்பு முழுதும் நகைத்தது. ஆசிரியையும் அவன் செருக்குற்றான் என்று கருதிக் கடிந்தார். அன்று முதல் ஏறத்தாழ ஒரு திங்கள் அவன் பள்ளியில் வாய் திறந்திலன். ஓரிரவு தந்தையை நோக்கி, "அப்பா, நாம எப்ப வீட்டுக்குத் திரும்பிப் போவோம்?" என்றான். "இதுதானே தம்பி நம்ம வீடு" என்றார் அவர். அவன் மறுமொழி கூறாது சுவர்ப்பக்கம் திரும்பிக் கொண்டான். 'தாயகம் மீண்டேன் என்று யான் மகிழ்ந்திருந்தேன். என் மகன் தன் தாயகத்தை விட்டு வந்தான் என்பதை அன்றே உணர்ந்தேன்' என்று நண்பர் என்னிடம் கூறினார்.

இப்பொருளின் உட்கிடை இதுவேயாகும். தந்தைக்கு இது மீட்சி. மகனுக்கு இது பிரிவு. ஒரே வானூர்தியில் வந்தும் இருவரும் ஒரே வழியில் வந்தாரல்லர்.

அப்பிள்ளையை மீட்டது எது? நண்பர் பள்ளிக்குச் சென்று ஆசிரியையிடம் நிகழ்ந்ததை விளக்கினார். அவ்வம்மையார் மறுநாள் வகுப்பில், அயல்நாட்டில் ஆசிரியரை அழைக்கும் முறையைப் பற்றி அவனையே எழுந்து சொல்லுமாறு பணித்தார். நகைத்த பிள்ளைகள் வினா மேல் வினா விடுத்தனர். வீட்டில், கண்ணொளி குன்றிய ஆச்சி தம் உறவினர்க்குக் கடிதம் எழுதும் பணியை அவனிடம் ஒப்புவித்தார். அவர் பேச்சுத் தமிழிற் சொல்ல, இவன் எழுத்துத் தமிழில் எழுதினான். பிழைகளைத் தந்தை திருத்தினார். ஆண்டிறுதியில் அவன் தமிழில் முதன்மை பெற்றிலன், ஆயின் தேறினான். அதனினும் மேலாக, ஆச்சிக்கு அவனின்றி ஒரு கடிதமும் செல்லாதென்னும் நிலை வந்தது. தான் வேண்டப்படுகின்றோம் என்று உணர்ந்த இடமே பிள்ளைக்கு வீடாகும்.

இதனால் நாம் அறியத்தக்கன மூன்று. வருமுன் பிள்ளையோடு கலந்து பேசுக. முடிவு பெற்றோருடையதாயினும் காரணம் பிள்ளைக்கும் தெரிதல் வேண்டும். விட்டு வந்த நண்பரோடு தொடர்பை அறுத்தல் வேண்டா. பழைய ஊரைப் புகழ்ந்து பேசின் கடிந்துரைத்தல் வேண்டா. முதலாண்டின் மதிப்பெண்களை அளவுகோலாகக் கொள்ளாது, அதற்கு ஒரு தோழன் வாய்த்தானா என்பதையே நோக்குக.

ஆசிரியராய்ப் பணிபுரியும் நம் பழைய மாணாக்கர்க்கும் ஒரு விண்ணப்பம். நடுவாண்டில் அயலொலியோடு தமிழ் பேசும் பிள்ளை ஒன்று நும் வகுப்பிற்கு வருமாயின், அதன் பிழையைத் திருத்துமுன் அதன் கதையைக் கேளுங்கள். நம் ஆண்டவரும் குழந்தைப் பருவத்தில் எகிப்து நாட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டு, பின்னர் நாசரேத்தூருக்கு மீண்டவரே. அங்கும் ஏதோ ஒரு தெருவிற் பிள்ளைகள் அவரைத் தம்முடன் விளையாட அழைத்திருத்தல் வேண்டும். அவ்வழைப்பை விடுக்கும் தெருவாக நம் பள்ளிகள் விளங்குமாறு இறைவன் அருள் புரிவாராக.