வண்டியின் அடிவயிற்றையும் கொஞ்சம் பாருங்கள்

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று இறங்கி, செங்கலடியில் போய் முடிகிறது ஏ5 வீதி. மலையில் தொடங்கி மட்டக்களப்பு வாவிப் பக்கம் கொண்டுபோய் விடுகிற இந்த வீதி நம்மவர்கள் பலருக்குப் பழக்கமானதுதான். சிலர் மரக்கறி லொறி ஓட்டுகிறார்கள். சிலர் வேனில் ஹயர் போகிறார்கள். எழுவான்கரையிலோ படுவான்கரையிலோ சொந்தபந்தம் உள்ள குடும்பங்களும் இருக்கின்றன. இம்முறை பாடம் அந்த வண்டிகளைப் பற்றியது. வண்டி ஓட்டாதவர்களும் படியுங்கள். வீட்டிலுள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

மேலே மழைக்காலத்தில் செம்மண் சேறு அடிப்பக்கத்தில் அப்பிக்கொள்கிறது. கீழே போனால் கடலும் வாவியும் அடுத்தடுத்து. மட்டக்களப்பு வாவித் தண்ணீர் உவர்த் தண்ணீர், காற்றிலும் உப்பு. காய்ந்த சேறு மட்டும் இரும்பை அவ்வளவாகக் கெடுக்காது. ஆனால் சேறு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், உப்பு அந்த ஈரத்தோடு சேர்ந்து துருவை வேகப்படுத்தும். இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால், வெளியே பளபளவென்று இருக்கிற வேன் உள்ளுக்குள் பொத்துப் போயிருக்கும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் கல்லடி, நாவலடிப் பக்கம் கடல் உள்ளே வந்தது. அப்படி உப்புத் தண்ணீரில் மூழ்கி எழும்பிய வண்டியை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள், கீழே படுத்துப் பாருங்கள்.

“ஓடுது தானே, எதுக்கு அண்ணே கழுவணும்?” என்று கேட்பவர்கள் உண்டு. பிரேக் பைப் போவது அடிப்பக்கத்தால்தான். அதன்மேல் இரண்டு அங்குலம் சேறும் கிறீஸும் மூடியிருந்தால், பைப் துருப்பிடித்து ஊறுவது யார் கண்ணுக்கும் படாது. அது தெரியவருவது லுணுகலை இறக்கத்தில் பெடலை மிதிக்கும்போதுதான். என்ஜினிலும் இதே கதை. ஒயில் கசிந்து, தூசி ஒட்டி, வருஷக்கணக்கில் தோல் மாதிரி தடித்துப்போகும். அந்தத் தோல் சூட்டை வெளியே விடாது. சைலன்சர் பைப் பக்கம் ஒயில் சேர்ந்தால் தீப்பிடிக்கவும் இடமுண்டு.

இனி வேலை. முதலில் என்ஜின் நன்றாக ஆறட்டும். ஓடி வந்த என்ஜின் 90 பாகைக்குக் கிட்டச் சூடாக இருக்கும். மண்ணெண்ணெயின் ஆவி 38 பாகை அளவிலேயே தீப்பற்றக் கூடியது. மட்டக்களப்பு வெயிலில் மத்தியானம் இந்த வேலையே வேண்டாம், காலையில் நிழலில் செய்யுங்கள். பெட்ரோலைத் தொடவே கூடாது. அதன் ஆவி குளிரிலும் பற்றும், ஒரு தீப்பொறி போதும். பற்றரியின் எர்த் வயரை முதலில் கழற்றுங்கள். எயார் பில்டர் வாய், அல்டர்னேட்டர், வயர் மூட்டுகள், டிஸ்ரிபியூட்டர் எல்லாவற்றையும் பொலித்தீன் பையால் மூடிக் கட்டுங்கள்.

பலர் செய்கிற தவறு, எடுத்தவுடனே தண்ணீர் அடிப்பது. அப்படிச் செய்தால் அழுக்கு ஊறிப் பரவுமே தவிரப் போகாது. கீழே சாக்கோ படங்கோ விரித்து, மூங்கில் சீவலாலோ மழுங்கிய தகட்டாலோ முதலில் காய்ந்தபடியே சுரண்டுங்கள். பாதி அழுக்கு அதிலேயே போய்விடும். மிச்சத்துக்கு பிரஷில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, சற்று ஊறவிட்டு, சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். மண்ணெண்ணெய் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். ஆகவே பெல்ட், ஹோஸ் பக்கம் போக வேண்டாம். பிரேக் சூவில் ஒரு துளி பட்டாலும் பிரேக் வழுக்கும். எல்லாம் காய்ந்து, மண்ணெண்ணெய் மணம் போன பிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

அடிப்பக்கத்துக்குப் போகுமுன் ஒன்று. ஜக்கை மட்டும் நம்பி யாரும் வண்டிக்குக் கீழே போகக் கூடாது. ஜக் தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. சமதரையில் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, சேசிஸுக்குக் கீழே உறுதியான ஸ்டாண்ட் வையுங்கள். சீமெந்துக் கல் திடீரென்று நொறுங்கும், அதை அடுக்குவது வேண்டாம். நம் லயத்து வாசல்களில் சமதரை எங்கே என்று கேட்பீர்கள். இல்லாவிட்டால் பிட் உள்ள சேர்விஸ் ஸ்டேஷனுக்குக் கொடுத்துவிடுங்கள், அந்தக் காசு வீண் அல்ல. செய்கிறவர் கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும். மட்காட்டின் உள்மடிப்பு, ஸ்பிரிங் மூட்டு, கதவுக்கு அடியிலுள்ள சிறு ஓட்டைகள், இங்கேதான் சேறு ஒளிந்திருக்கும். ஓட்டை அடைபட்டால் தண்ணீர் உள்ளேயே நின்று துருப்பிடிக்கும். துருப்பட்ட இடத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, காயவிட்டு, ரெட் ஒக்சைட் பூசி, மேலே கறுப்புப் பெயின்ட் அடிக்கலாம்.

கழிவு ஒயிலை அடியில் பூசும் பழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. ரப்பர் புஷ்களை அது கெடுக்கும், வாவிக்கரை மணலும் மலைச் சேறும் வந்து அதிலேயே ஒட்டும்.

கழுவும் இடமும் முக்கியம். வாவியில் இறால் பிடித்துச் சீவிப்பவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்து ஓடையில் கீழ் லயத்து ஜனங்கள் தண்ணீர் எடுக்கிறார்கள். இரண்டு இடத்திலும் வண்டி கழுவாதீர்கள். சுரண்டிய அழுக்கைச் சாக்கோடு கட்டி எடுங்கள், கழிவு ஒயிலைக் கேனில் சேர்த்து, வாங்கிக்கொள்கிற சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள்.

தாய்மாருக்கு: ஒயில் பட்ட உடுப்பைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். பழைய என்ஜின் ஒயில் தோலில் நெடுங்காலம் பட்டுவந்தால் புற்றுநோய் வரைக்கும் போகலாம். எனவே வேலை முடிந்ததும் கை காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். மீந்த மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வைக்கவே கூடாது. தண்ணீர் என்று பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி வரும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும், அதுதான் பெரிய ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சுத்தம் செய்த வண்டியை முதலில் மெதுவாக ஓட்டி, பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துப் பாருங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கீழே எட்டிப் பாருங்கள். இப்போது புதிய ஈரம் எங்கே என்று பளிச்சென்று தெரியும். சம்ப் ஓரத்தில் கறுப்பு ஈரமென்றால் கஸ்கட். ரேடியேட்டர் பக்கம் பச்சைக் கறையென்றால் கூலன்ட். சில்லின் உட்பக்கத்திலோ பிரேக் பைப்பிலோ ஈரம் கண்டால், அல்லது பைப் துருப்பிடித்துப் பொருமியிருந்தால், அன்றைக்கு ஹயர் வேண்டாம். ஆளனுப்பி மெக்கானிக்கை வண்டி நிற்கிற இடத்துக்கே வரச் சொல்லுங்கள்.