மகப்பேற்றுப் பயிற்சிப் பாவை

கலை யாவும் கல்வியால் ஒரு கூறும் பழக்கத்தால் ஒரு கூறும் நிரம்புவன. தச்சன் பழகுங்காற் கெடுவது மரம். குயவன் பழகுங்காற் சிதைவது மண். பேறு பார்ப்பார் பழகுங்கால் ஊறுறுவார் யாவர்? தாயும் சேயுமன்றோ? இவ்விடரை நீக்கக் கண்ட வழியே பாவையின்மேற் பழகுதல். அதன் வரலாற்றையும் பயனையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

18-ஆம் நூற்றாண்டிற் பிரெஞ்சு நாட்டுச் சிற்றூர்களிற் பேறு பார்த்த மகளிருட் பலர் எழுத்தறியாதவர். அவர்க்கு இக்கலையை நாடெங்குங் கற்பிக்குமாறு, பதினைந்தாம் லூயி மன்னன் 1759-இல் து கூத்ரே என்னும் மருத்துவச்சியார்க்கு ஆணை வழங்கினன். அவ்வம்மையார் நூலொன்று எழுதியதோடு அமையாது, துணியாலும் தோலாலும் பெண்ணுடலின் இடைப்பகுதியையும் ஒரு குழவியையும் செய்வித்து, ஏறக்குறையக் கால் நூற்றாண்டு ஊர்தோறுங் கொண்டுசென்று கற்பித்தார். படிக்கவியலாதாரும் கையாற் கற்றனர். அப்பாவை ஒன்று ரூவான் நகரத்துக் காட்சிச்சாலையில் இன்றும் உளது.

நிற்க. இக்காலத்தே ஆம்புலன்ஸ் ஊர்தியிற் சென்று முதலுதவி புரியப் பயிலும் மாணாக்கர்க்கு இப்பயிற்சி பெரிதும் வேண்டப்படுவது. பேற்று மனைத் தாதியர் நாடோறும் பேறு காண்பர். இவரோ அரிதாகவே காண்பர். காணுமிடமும் வீட்டுத் தரையாகவோ சாலையோரமாகவோ இருத்தல் கூடும். அரிதாய் நேர்வதனை நேர்ந்தபொழுது பழகலாமென்று இருத்தல் தகாது.

சான்று ஒன்று காட்டுவாம். தலை வெளிப்பட்டபின் குழவியின் தோள் தாயின் இடுப்பெலும்பிற் சிக்குவதுண்டு. அப்பொழுது பதறித் தலையைப் பற்றி வலிந்து இழுப்பின், கழுத்தினின்று கைக்குச் செல்லும் நரம்புகள் சிதைந்து கை செயலற்றுப் போதலுங் கூடும். தாயின் தொடைகளை வயிற்றை நோக்கி நன்கு மடக்குதலும், துணைவர் ஒருவர் அடிவயிற்றில் முன்னெலும்பிற்குச் சற்று மேலே அழுத்துதலுமே முதற்கண் செய்யத்தக்கன. இதனைப் படித்தறிதல் எளிது. சில நிமிடங்களுக்குள் பதறாது செய்தலே அரிது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மருத்துவர்க்கும் மருத்துவச்சியர்க்கும் இப்பயிற்சி அளித்தபின், தோள் சிக்கிய பேறுகளில் ஊறுற்ற குழவிகள் நூற்றுக்கு 9.3-இலிருந்து 2.3 ஆகக் குறைந்தமை 2008-இல் வெளிவந்த ஆராய்ச்சியாற் புலனாகும்.

பாவை அழாது, அஞ்சாது. அதன்பாற் கற்ற கல்வி உயிருள்ளார்பாற் பயன்படுமோ எனின், அக்குறையையும் ஆசிரியர் ஒருவாறு நிரப்பியுள்ளனர். ஒருவர் கருவிப்பையை வயிற்றிற் கட்டிக்கொண்டு தாயாக நடிப்பர். செந்நீர் பெருகும், மாணாக்கர் அடிவயிற்றைப் பிசைந்து கருப்பையைச் சுருங்கச் செய்தல் வேண்டும். குழவியைத் துடைத்துத் தாயின் மார்பிற் கிடத்தல் வேண்டும். அது மூச்சு விடாதாயின் முகமூடியால் காற்றூட்டல் வேண்டும். இவற்றினிடையே தாய்க்கு ஆறுதல் மொழியுங் கூறல் வேண்டும். முடிவில் ஆசிரியரும் மாணாக்கரும் ஒருங்கிருந்து நிகழ்ந்த பிழைகளை ஆராய்வர்.

கற்பார்க்குப் பிழை நேர்தல் இயல்பு. அப்பிழை ஒரு தாயின் உடலின்மேல் வீழாது காத்தலே இப்பாவையின் பயன். கற்பிப்பார் இதனை விளையாட்டென்று இகழாது போற்றுதல் கடனென எண்ணுகின்றோம்.