8080-ஐ முகவரியிலிருந்து எடுங்கள்

பல பொறியியல் கல்லூரி நூலகங்களின் சுவரில் ஒரு ஏ4 தாள் ஒட்டியிருக்கும். ஐபி எண், அடுத்து முக்காற்புள்ளி, 8080, ஒரு சாய்கோடு, கடைசியில் ‘எக்ஸ்எம்எல்யுஐ’. பழைய வினாத்தாள், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ஆய்வேடு எல்லாம் அந்த முகவரியில்தான். மாணவர் 8080-ஐ விட்டுவிட்டு அடித்தால் வேறு ஏதோ பக்கம் வரும், அல்லது ஒன்றுமே வராது. நூலகர் எழுந்து வந்து தானே அடித்துக் கொடுப்பார். அழகர்கோவில் பக்கம் படித்துவிட்டு ஜாவா வேலை தேடும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த நான்கு இலக்கத்தை எடுத்துக் காட்டுங்கள். சம்பளம் இல்லாத வேலைதான். ஆனாலும் இன்டர்வியூவில் பேச இதைவிட நல்ல சரக்கு இறுதியாண்டு ப்ராஜெக்டில் அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

அந்த முகவரிக்குப் பின்னால் இருப்பது டிஸ்பேஸ். எம்ஐடியும் ஹெச்பியும் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட ஆவணக் களஞ்சிய மென்பொருள். ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று யுஜிசி 2009-இல் விதி கொண்டுவந்தது. அவற்றைச் சேர்த்துவைக்கும் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட்டின் ஷோத்கங்காவும் டிஸ்பேஸில் எழுந்ததுதான்; மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வேடுகளை அங்கே பார்க்கலாம். டிஸ்பேஸ் ஜாவாவில் எழுதப்பட்டது. டாம்கேட் என்ற சர்வருக்குள் ஓடுவது. டாம்கேட் பிறவியிலேயே 8080 போர்ட்டில் காது வைத்திருக்கும். பிரவுசரோ எண் எதுவும் சொல்லாவிட்டால் 80-இல் போய்க் கதவைத் தட்டும். இரண்டுக்கும் நடுவே ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அப்பாச்சி வெப் சர்வர்; இப்படி நடுவில் நிற்பதை ரிவர்ஸ் புராக்ஸி என்பார்கள்.

இதற்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்? மதுரையின் இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐடி பூங்காக்களுக்கோ சென்னைக்கோ போகும் புதியவர்களில் நிறையப் பேருக்கு முதலில் கிடைப்பது கோடு எழுதும் இருக்கை அல்ல, சப்போர்ட் இருக்கை. அங்கே வரும் முதல் அழைப்பே “சார், சைட் ஓப்பன் ஆகலை”தான். கோளாறு வெப் சர்வர் பக்கமா, டாம்கேட் பக்கமா என்று ஐந்து நிமிஷத்தில் சொல்லத் தெரிந்தவரைத்தான் டீம் லீட் அடுத்த முறையும் கூப்பிடுவார். கான்ஃபிக் வரிகளை யாரும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை.

முதலில், இன்டர்வியூவில் தவறாமல் வரும் கேள்வி: டாம்கேட்டே பக்கம் கொடுக்குமே, முன்னால் இன்னொரு சர்வர் எதற்கு? “வேகத்துக்காக” என்பது பழைய பதில். படம், ஸ்டைல் ஷீட்டெல்லாம் இன்றைய டாம்கேட்டே நன்றாகத்தான் கொடுக்கிறது. சரியான காரணங்கள் வேறு. லினக்ஸில் 1024-க்குக் கீழான போர்ட்டைத் திறக்கச் சாதாரணமாக ரூட் அதிகாரம் வேண்டும். டாம்கேட்டை ரூட்டாக ஓட்டுவது வீட்டுச் சாவியைத் தெருவில் வைப்பதுதான். ஒரே மெஷினில் பிஎச்பி சைட்டும் ஜாவா அப்ளிகேஷனும் ஒரே முகவரியில் இருக்க வேண்டியிருக்கும். ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழை ஒரே இடத்தில் வைத்துப் புதுப்பிப்பது சுலபம். யார் வந்தார், எப்போது வந்தார் என்ற பதிவும் வாசலிலேயே கிடைத்துவிடும். அழகர்கோவில்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: உள்ளே கள்ளழகர், வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பன். அழகர் மதுரைக்குப் புறப்படும்போது நகைப் பட்டியலை அந்த வாசலில் வாசித்துவிட்டுத்தானே கிளம்புகிறார்!

இணைப்பதற்கு இரண்டு வழி. ஒன்று ஏஜேபி, 8009 போர்ட்டில் பேசும் தனி மொழி. மாட்-ஜேகே என்ற பழைய மாட்யூல் இதைத்தான் பேசும். இன்னொன்று சாதாரண ஹெச்டிடிபி புராக்ஸி. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் பாதிக்கு மேல் முதல் வழியைத்தான் சொல்லும். அதை அப்படியே காப்பி அடித்தவர்கள் 2020-க்குப் பிறகு முழித்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் ‘கோஸ்ட்கேட்’ என்ற ஓட்டை அம்பலமானது: 8009-ஐ எட்ட முடிந்த எவரும் அப்ளிகேஷனுக்குள் இருக்கும் கான்ஃபிக் கோப்புகளைப் படித்துவிடலாம். டாம்கேட் 9.0.31-இலிருந்து ஏஜேபி தானாகத் திறப்பதில்லை. திறந்தாலும் ரகசியச் சொல் கேட்கும். ஆகவே புதிதாக அமைப்பவர்கள் ஹெச்டிடிபி புராக்ஸியையே எடுங்கள். மாட்-ஜேகேயைப் பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும். பழைய நிறுவனங்களில் ‘வொர்க்கர்ஸ் டாட் ப்ராப்பர்ட்டீஸ்’ என்ற கோப்பு கண்ணில் பட்டால், அது மாட்-ஜேகேயின் வீடு என்று சொல்லத் தெரியட்டும்.

சொந்த லேப்டாப்பில் தொடங்குங்கள். உபுண்டு இருந்தால் நல்லது. விண்டோஸ்தான் என்றால், லேபில் எல்லோருக்கும் பழகிய ஸாம்ப்பிலேயே அப்பாச்சியும் டாம்கேட்டும் சேர்ந்து வருகின்றன. முதலில் டாம்கேட்டை மட்டும் எழுப்பி, 8080-இல் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். வராத ஒன்றின் முன்னால் புராக்ஸி வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. பிறகு அப்பாச்சியில் புராக்ஸி, புராக்ஸி-ஹெச்டிடிபி என்ற இரண்டு மாட்யூல்களையும் இயக்குங்கள். வர்ச்சுவல் ஹோஸ்ட்டுக்குள் மூன்று வரி போதும். ‘புராக்ஸிபாஸ்’ வருகிற கோரிக்கையை உள்ளே அனுப்பும். ‘புராக்ஸிபாஸ்ரிவர்ஸ்’ டாம்கேட் “அங்கே போ” என்று திருப்பிவிடும் முகவரியைத் திருத்தும். ‘புராக்ஸிப்ரிசர்வ்ஹோஸ்ட்’ பயனர் அடித்த பெயரை மாறாமல் உள்ளே கொண்டுபோகும்.

புராக்ஸிபாஸ் வரியில் இடப்பக்கம் சாய்கோட்டில் முடிந்தால் வலப்பக்கமும் சாய்கோட்டில் முடிய வேண்டும். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாவிட்டால் முதல் பக்கம் வரும், அதற்குள் இருக்கும் இணைப்புகள் உடையும். இந்த ஒரு எழுத்துக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்தவர்கள் இந்தத் தொழிலில் நிறைய.

உள் முகவரியை ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதாமல் 127.0.0.1 என்றே எழுதுங்கள். சில மெஷின்களில் லோக்கல்ஹோஸ்ட் என்றால் முதலில் ஐபிவி6 முகவரிக்குப் போகும். அங்கே டாம்கேட் கேட்டுக்கொண்டிருக்காமல் போகலாம்.

இனிக் கோளாறு. பிழைப் பக்கத்தின் எண்ணைப் படிக்கும் முன் அதன் முகத்தைப் பாருங்கள். நீலம் கலந்த சாம்பல் நிறப் பட்டையில் வெள்ளை எழுத்து, அடியில் டாம்கேட்டின் பதிப்பு எண் என்று இருந்தால் பேசுவது டாம்கேட். அப்படியென்றால் புராக்ஸி வேலை செய்கிறது. அப்ளிகேஷன் பெயரையோ பாதையையோ தேடுங்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, அலங்காரம் எதுவும் இல்லையென்றால் பேசுவது அப்பாச்சி. கோரிக்கை உள்ளேயே போகவில்லை. ஒரே 404 இரண்டு பேர் வாயிலிருந்தும் வரும். பிரித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

503 என்றால் அப்பாச்சி தட்டியபோது டாம்கேட் கதவைத் திறக்கவில்லை. முன்னால் இருப்பது அப்பாச்சி இல்லை, என்ஜின்எக்ஸ் என்றால் அதே கோளாறு 502 என்று வரும். டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்த பிறகும் 503 நிற்காவிட்டால் பதறி மறுபடி ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒருமுறை இணைப்பு கிடைக்காவிட்டால் அப்பாச்சி 60 விநாடிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காது. அதுதான் அதன் இயல்பான அமைப்பு. ரெட்ஹாட் குடும்ப லினக்ஸில் எல்லாம் சரியாக இருந்தும் 503 வந்து, எரர் லாகில் “பர்மிஷன் டினைட்” என்று இருந்தால் தடுப்பது எஸ்இலினக்ஸ். வெப் சர்வர் வெளி இணைப்பு எடுக்க அனுமதிக்கும் ஒரு சுவிட்சை அதில் போட வேண்டும். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடச் சொல்லும் நண்பர்கள் கிடைப்பார்கள். கேட்காதீர்கள். 504 வேறு கதை: டாம்கேட் இருக்கிறது, பதில்தான் தாமதம். பெரும்பாலும் டேட்டாபேஸில்தான் காரணம் இருக்கும்.

பக்கம் வந்துவிட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். டாம்கேட்டின் லாகைத் திறந்தால் வந்தவர் எல்லோருமே 127.0.0.1 என்று இருக்கும். உண்மையான முகவரியை அப்பாச்சி தலைப்பில் சேர்த்துத்தான் அனுப்புகிறது. படிக்க டாம்கேட்டுக்குத் தெரிய வேண்டும். அதற்கு ‘சர்வர் டாட் எக்ஸ்எம்எல்’ கோப்பில் ‘ரிமோட்ஐபிவால்வ்’ சேருங்கள்; லாகிலும் அது தெரிய, அதே கோப்பில் இருக்கும் ஆக்சஸ் லாக் வால்வில் ‘ரிக்வெஸ்ட்ஆட்ரிப்யூட்ஸ்எனேபிள்ட்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்குங்கள். வெளியே ஹெச்டிடிபிஎஸ், உள்ளே ஹெச்டிடிபி என்று இருக்கும் இடத்தில் லாகின் பக்கம் தன்னையே சுற்றிச் சுற்றி வருவதும் இதே குடும்பத்து நோய்தான். வெளியே பூட்டு இருப்பது அப்ளிகேஷனுக்குத் தெரியவில்லை. அந்தத் தகவலைத் தலைப்பில் அனுப்பும் வரியை அப்பாச்சியில் நீங்களே எழுத வேண்டும். எழுதினால் இதே வால்வ் அதையும் படித்துக்கொள்ளும்.

லேப்டாப்பில் சரியாக வந்த பிறகு நூலகரிடம் போங்கள். அனுமதி வாங்கி, கான்ஃபிக் கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டு, தேர்வு நேரம் அல்லாத ஒரு நாளில் செய்யுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று எப்படியும் உள்ளூர் விடுமுறைதான். யாரும் வினாத்தாள் தேடி வரமாட்டார்கள். டிஸ்பேஸின் சொந்தக் கான்ஃபிக்கிலும் முகவரியை மாற்ற மறக்காதீர்கள். மாற்றாவிட்டால் அது உருவாக்கும் இணைப்புகளில் பழைய 8080 எட்டிப் பார்க்கும். ஏழாம் பதிப்பு என்றால் திரையும் சர்வரும் தனித்தனியாக ஓடும். திரைக்கு 4000, சர்வருக்கு 8080 என்று இரண்டு வழி எழுத வேண்டும்.

கடைசியாக, டாம்கேட்டின் கனெக்டரை 127.0.0.1-க்கு மட்டும் கட்டிப்போடுங்கள். இல்லாவிட்டால் வாசலைச் சுற்றிக்கொண்டு 8080 வழியாக யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அதே வைஃபையில் இருக்கும் போனிலிருந்து சோதியுங்கள்: எண் இல்லாமல் அடித்தால் திறக்க வேண்டும், 8080 போட்டு அடித்தால் திறக்கக் கூடாது.

ரெஸ்யூமில் ‘அப்பாச்சி, டாம்கேட் தெரியும்’ என்று எழுதாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். ‘கல்லூரி நூலக டிஸ்பேஸை ரிவர்ஸ் புராக்ஸிக்குப் பின்னால் வைத்தேன், 8080-ஐ வெளியிலிருந்து மூடினேன்’ என்று எழுதுங்கள். எதிரே இருப்பவர் அடுத்து கேட்கப்போவது “ஏஜேபி ஏன் எடுக்கவில்லை?” என்றுதான். அதற்கான பதில் உங்களிடம் இருக்கிறது.