ஒரு பொருளுக்கு ஒரு பொறுப்பாளர்

உற்பத்திப் பொருள் முகாமைத்துவம் பற்றிய மாநாடு ஒன்றுக்கு நானும் எமது கடைத் தம்பிமார் இருவரும் போயிருந்தோம். பெரிய கம்பனிகளின் கதை நமக்கெதற்கு என்ற எண்ணத்தோடுதான் அமர்ந்தோம். ஆனால் திரும்பும் வழியெல்லாம் மூவரும் ஒரு விடயத்தையே பேசினோம்.

1931இல் அமெரிக்காவின் புரொக்டர் அன்ட் கேம்பிள் நிறுவனத்தில் கெமே சவர்க்காரத்தின் விளம்பரத்தைக் கவனித்தவர் நீல் மெக்எல்ரோய். அதே நிறுவனத்தின் ஐவரி சவர்க்காரத்துக்கே முதலிடம் கிடைத்து வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பொறுப்பாளர் வேண்டும், எங்கே விற்கவில்லை, ஏன் விற்கவில்லை என்று அவர் தேடியறிய வேண்டும் என மெக்எல்ரோய் மூன்று பக்கக் குறிப்பு எழுதினார். இத்துறைக்கு வித்திட்டது அக்குறிப்பே. 1948இல் அவரே நிறுவனத்தின் தலைவரானார்.

எமது மிளகாய்த்தூள் பக்கற் மூன்று மாதமாக இறாக்கையில் கிடந்தது. விலையைக் குறைத்து நட்டப்பட்டேன். காரணத்தை எவரிடமும் கேட்கவில்லை. கேட்பது யாருடைய வேலை என்பதே கடையில் தெளிவில்லை. மறுநாள் அப்பொறுப்பை இளைய தம்பியிடம் கொடுத்தேன். ஒரு கிழமையில் பதில் வந்தது: "தூள் நல்லம், அரைக் கிலோ பக்கற்தான் சின்னக் குடும்பத்துக்குப் பெரிசு." இப்போது நூறு கிராமில் கட்டுகிறோம்.

உங்கள் கடையிலும் அசையாத பொருளொன்று இருக்கும். அதற்கு இன்றே ஓர் ஆளை நியமியுங்கள். பொறுப்போடு, மாற்றம் செய்யும் அதிகாரத்தையும் கொடுங்கள்.